துத்தநாகம்: தட்டில் இருப்பது உடம்பில் சேர ஒரு முழுமையான வழிகாட்டி

ரத்தசோகை என்றால் முருங்கைக்கீரை, எலும்புக்குப் பால் என்று நம் வீடுகளில் சொல்லத் தெரியும். துத்தநாகம் என்று வந்தால் மட்டும் பேச்சு நேராக மருந்துக்கடைக்குப் போய்விடுகிறது. கொரோனா காலத்தில் வைட்டமின் சி-யோடு சேர்த்து ஜிங்க், அதாவது துத்தநாக மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி விழுங்கிய குடும்பங்கள் ஏராளம். பெரும்பாலான பெரியவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. அதே வீட்டில் ஒரு குழந்தைக்குப் பேதி கண்டால் ஜிங்க் கொடுக்க வேண்டும் என்பதோ பலருக்குத் தெரியாது. இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன். பெரியவர்களுக்கு வழி பெரும்பாலும் அடுப்படியில் இருக்கிறது. மாத்திரை சில நேரங்களுக்கு உரியது, அந்த நேரத்தில் அதைத் தவறவிடக் கூடாது.

முதலில்: இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஒரு பெரியவர் உடம்பில் மொத்தமே சுமார் 2 கிராம் துத்தநாகம்தான் இருக்கிறது. பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் இருக்கிறது, ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். ஆனால் 300-க்கும் மேற்பட்ட நொதிகள் வேலை செய்ய இது வேண்டும். செல் பிரிவது, புண் ஆறுவது, நோய் எதிர்ப்பு, நாக்கில் ருசி தெரிவது, பிள்ளைகள் வளர்வது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. கல்லீரலில் இரும்பைச் சேர்த்து வைப்பதுபோல் துத்தநாகத்தைச் சேர்த்து வைக்க உடம்பில் தனி இடம் கிடையாது. அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மனிதருக்கு இந்தச் சத்துக் குறைபாடு வரும் என்பதே 1960-கள் வரை தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது அவரிடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்த்தால் பத்து வயதுப் பையன் போல இருந்தார். வயதுக்கு வந்த அடையாளம் எதுவும் இல்லை, கடுமையான ரத்தசோகை வேறு. புளிக்க வைக்காத கோதுமை ரொட்டிதான் அவருடைய சாப்பாடு, மண் தின்னும் பழக்கமும் இருந்தது. அந்தப் பகுதியில் இதேபோல் இன்னும் பலர் இருப்பது கொஞ்ச நாளில் தெரிய வந்தது. இரும்புச்சத்துக் குறைவு மட்டும் வளர்ச்சியை இப்படி நிறுத்தாது என்று யோசித்த பிரசாத், துத்தநாகத்தைச் சந்தேகித்தார். பிறகு எகிப்துக்குப் போய் அங்கிருந்த இதே நிலையிலான இளைஞர்களை ஆராய்ந்தார். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் ஓர் ஆண்டிலேயே 12 செ.மீ.க்கு மேல் வளர்ந்தார்கள். அப்படியும் மருத்துவ உலகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் தினசரித் தேவைப் பட்டியலில் துத்தநாகத்தைச் சேர்த்தது 1974-ல்தான். பிரசாத் 2022-ல் மறைந்தார்.

அந்த ஈரானிய ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. முழுக் கோதுமையில் 100 கிராமுக்கு 2.5 மி.கி.க்கு மேல் இருக்கும். இருந்தும் உடம்பில் சேரவில்லை. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டிக் அமிலம் துத்தநாகத்தைப் பிடித்துப் பூட்டி வைத்துவிடும், குடலால் அதை உறிஞ்ச முடியாது. இந்தப் பூட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆண்களுக்கு நாளைக்கு 17 மி.கி., பெண்களுக்கு 13.2 மி.கி., கர்ப்பிணிகளுக்கு 14.5 மி.கி. அமெரிக்கப் பரிந்துரையில் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 8 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவர்கள் சாப்பாட்டில் இறைச்சி அதிகம், அதிலிருந்து துத்தநாகம் எளிதாக உள்ளே போகும். நம்முடையது சோறும் பருப்பும், பைட்டிக் அமிலம் அதிகம். அதனால் நமக்குக் கணக்கு கூடுதலாகப் போடப்பட்டிருக்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு 3 மி.கி.க்குக் கொஞ்சம் மேல் போதும்.

முதல் படி: ஒரு நாள் சாப்பாட்டை எழுதிப் பாருங்கள்

நோட்டில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதை எழுதுங்கள். சமைத்த அளவை விட்டுவிட்டு, அரிசி, பருப்பு எவ்வளவு போட்டோம் என்று எழுதுவது எளிது. சைவம் சாப்பிடும் ஒரு பெண்ணின் சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் தோராயம்தான். விளைந்த மண்ணையும் ரகத்தையும் பொறுத்து மாறும்.

காலையில் நான்கு இட்லி, அதில் அரிசியும் உளுந்தும் சேர்ந்து 1.8 மி.கி. மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, 1.8. சாம்பாரில் 30 கிராம் துவரம்பருப்பு, 0.8. பொரியல் 0.4, ஒரு கிண்ணம் தயிர் 0.5. ராத்திரி மூன்று தோசை, 1.5. காபி, டீயில் போகும் பால் 300 மி.லி., 1.2. கூட்டினால் 8 மி.கி. வருகிறது. வேண்டியது 13.2. வயிறு நிறைந்துவிட்டது, கணக்கு நிறையவில்லை. தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 1.2 மி.கி. அளவில்தான் துத்தநாகம் இருக்கிறது என்பதும், நாம் சாப்பிடுவதில் பாதிக்கு மேல் அதுதான் என்பதும் முக்கியக் காரணங்கள்.

2016-18-ல் இந்தியா முழுவதும் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 32 சதவீதம் பேருக்குத் துத்தநாகக் குறைபாடு இருந்தது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் அது 19 சதவீதம். பிள்ளைகள் மளமளவென்று வளர வேண்டிய வயதில் மூன்றில் ஒருவருக்குக் குறைவு என்பது சாதாரண விஷயமில்லை. வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால் முதலில் அவர்களுடைய தட்டைக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாம் படி: பூட்டைத் திறப்பது

இதில்தான் நம் சமையல் நமக்குப் பெரிய துணை. தானியத்துக்குள்ளேயே பைட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, பைட்டிக் அமிலத்தை உடைப்பது அதன் வேலை. ஈரமும் மிதமான சூடும் புளிப்பும் கிடைத்தால் அது வேலையைத் தொடங்கிவிடும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் அதற்கு அந்தச் சூழலைக் கொடுக்கின்றன.

ஊறவைத்தல்: கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு எல்லாவற்றையும் ராத்திரியே ஊறப்போடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். அப்புறம் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், கரைந்து வந்த பைட்டிக் அமிலத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். சத்து போய்விடும் என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பவர்கள் உண்டு. துத்தநாகத்தைப் பொறுத்தவரை கொட்டுவதுதான் நல்லது. துவரம்பருப்பைக்கூடக் குக்கரில் போடும் முன் அரை மணி நேரம் ஊறவிடலாம், கொஞ்சமாவது பலன் உண்டு.

முளைகட்டுதல்: ஊறியதை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். முளைக்கும்போது பைட்டேஸ் கூடிக்கொண்டே போகும். பயறு மட்டுமல்ல, கேழ்வரகு, கம்புக்கும் இதைச் செய்யலாம்.

குழந்தைக்குச் சத்துமாவு அரைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் எல்லாத் தானியத்தையும் வாணலியில் வறுத்து நேராக மில்லுக்குக் கொண்டுபோகிறார்கள். வறுத்தால் மணம் வரும், ஆனால் பைட்டேஸ் சூட்டில் செத்துவிடும், பூட்டு அப்படியே நிற்கும். கேழ்வரகையும் பயறையும் முதலில் ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் நன்றாக உலர்த்தி, கடைசியில் லேசாக வறுத்து அரையுங்கள். கூடுதலாக இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் வரும் துத்தநாகம் மட்டும் குழந்தைக்குப் போதாது என்பதால், இந்த மாவில் உள்ளது உள்ளே சேர்வது ரொம்ப முக்கியம்.

புளிக்கவைத்தல்: இட்லி மாவு ராத்திரி முழுக்கப் பொங்கும்போது நடப்பதும் இதுதான். மாவு புளித்து அமிலம் கூடக் கூட பைட்டேஸ் சுறுசுறுப்பாகிறது. ஒரே அளவு அரிசியும் உளுந்தும் போட்டுப் பொங்கலாகச் சாப்பிடுவதைவிட இட்லியாகச் சாப்பிட்டால் துத்தநாகம் சேர வாய்ப்பு அதிகம். உடனடி தோசை மாவில் புளிக்கும் நேரமே இல்லாததால் இந்தப் பலன் கிடைக்காது. கம்பையும் கேழ்வரகையும் கூழாகப் புளிக்கவைத்துக் குடித்தவர்கள் நம் பாட்டிமார்கள், அதே முறையில் கம்பு தோசை, கேழ்வரகு தோசைக்கு மாவைப் பொங்கவிட்டுச் சுடுங்கள்.

வெங்காயமும் பூண்டும்: மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செய்த ஆய்வுகளில், தானியம், பருப்போடு வெங்காயமோ பூண்டோ சேர்த்தபோது குடல் உறிஞ்சக்கூடிய துத்தநாகத்தின் அளவு கூடியது. ஆய்வகத்தில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்த சோதனை அது. மனிதர்களில் எவ்வளவு கூடும் என்பது வேறு கணக்கு. ஆனாலும் சாம்பாரில் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடுவதற்கு யார் தடை சொல்லப்போகிறார்கள்?

மூன்றாம் படி: எதைக் கூட்டுவது?

மேலே பார்த்த அந்தப் பெண்ணின் தட்டுக்கே திரும்புவோம். சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 1.7 மி.கி. கூடும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலைக்கு 1. இட்லிப் பொடியில் 10 கிராம் எள்ளுக்கு 0.8. ராத்திரி அரிசி தோசைக்குப் பதில் கம்பு தோசை என்றால் இன்னும் 1.1. முட்டை சாப்பிடுவார் என்றால் ஒன்றுக்கு 0.6. எட்டில் தொடங்கிய கணக்கு 13-ஐத் தொட்டுவிடுகிறது. விலை கூடிய பொருள் எதுவும் இதில் இல்லை.

எள், பூசணி விதை இரண்டிலும் 100 கிராமுக்கு 7 மி.கி.க்கு மேல் இருக்கிறது. முந்திரியில் 5-க்கு மேல். எள்ளுருண்டை பிள்ளைகளுக்கு நல்ல தின்பண்டம். பூசணி விதை உடம்புக்கு நல்லது என்று இப்போது பாக்கெட்டில் போட்டு அதிக விலைக்கு விற்கிறார்கள். வாங்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் எள்ளும் கடலையும் போதும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வேலை சுலபம். ஆட்டுக்கறியில் 100 கிராமுக்கு சுமார் 4 மி.கி., அதுவும் பூட்டு இல்லாமல் வரும். கோழியில் அதைவிடக் குறைவு, நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் அதிகம். மீனில் புரதம் ஏராளம், துத்தநாகம் பெரும்பாலும் 1 மி.கி.க்குக் கீழேதான். நண்டில் நன்றாக இருக்கும். உலகிலேயே அதிகம் இருப்பது ஆளி எனும் கடல் சிப்பியில், ஆனால் நம் சமையலில் அது அரிது. பயறும் கறியும் ஒரே வேளையில் சேர்ந்தால் பயறில் உள்ள துத்தநாகமும் கூடுதலாக உள்ளே போகும். கறிக்குழம்பு வைக்கும் நாளில் மொச்சையோ கடலையோ சேர்த்துப் போடுங்கள்.

அரிசியை விட முடியாது, விடவும் வேண்டாம். துத்தநாகம் கூடுதலாக உள்ள நெல் ரகங்களே வந்துவிட்டன. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஆர். தன் 45 என்ற ரகம் 2016-ல் வெளியானது, தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 22 மி.கி.க்கு மேல் துத்தநாகம் உண்டு. வங்கதேசம் 2013-லேயே இப்படி ஒரு ரகத்தை விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டது. நெல் பயிரிடுபவர்களுக்கு இந்தச் சத்து புதிதல்ல. நடவு வயலில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவுவது அவர்களுக்குப் பழக்கம். தூவாவிட்டால் இலையில் துருப் போலப் பழுப்புப் புள்ளி விழும். மண்ணில் குறைவு, பயிரில் குறைவு, தட்டில் குறைவு என்று ஒரே சங்கிலி இது. ரேஷன் கடைக்கு இந்த ரக அரிசிகள் வரும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

நான்காம் படி: யாருக்குக் குறைவு வரும், எப்படித் தெரியும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு மாதம் தாண்டிய குழந்தைகள், வளரும் வயதுப் பிள்ளைகள், சரியாகச் சாப்பிடாத முதியவர்கள், முழுச் சைவர்கள் ஆகியோர் கவனமாக இருக்க வேண்டும். குடல் நோய் உள்ளவர்கள், எடை குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் பேதி உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து அதிகம்.

குழந்தை வயதுக்கேற்ப உயரவில்லை, அடிக்கடி பேதியோ சளியோ பிடிக்கிறது, புண் ஆற நாளாகிறது, ருசி தெரியவில்லை, வாயைச் சுற்றித் தோல் உரிகிறது என்றால் மருத்துவரிடம் இதையும் கேளுங்கள். இவற்றில் எதுவும் துத்தநாகக் குறைவுக்கு மட்டுமே உரிய அறிகுறி இல்லை. நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் ஜிங்க் குறைவு என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் நகம் எங்கோ இடிபட்டதன் தடம்தான். முடி கொட்டினால் முதலில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனையை முழுக்க நம்பிவிட முடியாது. காய்ச்சலோ தொற்றோ இருந்தால் ரத்தத்தில் துத்தநாகம் தற்காலிகமாக இறங்கும். சாப்பிட்ட பிறகும் இறங்கும். எடுப்பதானால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில், காலையில் வெறும் வயிற்றில், இதற்கென்று உள்ள குழாயில் எடுக்கும் ஆய்வகத்தில் எடுங்கள்.

ஐந்தாம் படி: குழந்தைக்குப் பேதி என்றால்

இதை மட்டும் தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவைத்தால்கூட நல்லது. பேதியாகும் குழந்தை தண்ணீரையும் உப்பையும் இழப்பதோடு துத்தநாகத்தையும் இழக்கிறது. அது குறைந்தால் குடலின் உட்சுவர் சரியாக ஆறாது, அடுத்த பேதிக்கு வழி திறக்கும். 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் சேர்ந்து, பேதி கண்ட குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் ஜிங்க் கொடுக்கப் பரிந்துரைத்தன. இந்தியாவில் நடைமுறையில் உள்ளது 14 நாள். ஆறு மாதத்துக்கு மேல் நாளைக்கு 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி., அதாவது அரை மாத்திரை. இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தை என்றால் உடனே மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

ஒரு சுத்தமான தேக்கரண்டியில் மாத்திரையை வைத்து, கொஞ்சம் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றினால் தானே கரையும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் கரைக்கலாம். கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். மூன்றாம் நாள் பேதி நின்றுவிடும், மாத்திரையும் நின்றுவிடும், பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. 14 நாளும் கொடுக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வராமல் காப்பது அந்த மீதி நாள்கள்தான்.

இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், 5 அல்லது 10 மி.கி. கொடுத்தாலும் பலன் 20 மி.கி.க்குக் குறையவில்லை, வாந்தி குறைந்தது என்று தெரிந்தது. ஆகவே மருத்துவர் குறைந்த அளவு எழுதிக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இலவசமாகக் கிடைக்கும். கண் குழி விழுந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆறாம் படி: பெரியவர்கள் மாத்திரை போடுவதானால்

அட்டையில் எழுதியிருக்கும் எண்ணைச் சரியாகப் படியுங்கள். ஜிங்க் சல்பேட் 220 மி.கி. என்று இருந்தால் அதில் துத்தநாகம் 50 மி.கி.தான். ‘எலிமென்டல் ஜிங்க்’ என்ற எண்தான் நமக்குக் கணக்கு. பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து உச்ச வரம்பு நாளைக்கு 40 மி.கி. மருத்துவர் சொல்லாமல் அதைத் தாண்டக் கூடாது.

வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடலாம். இரும்பு மாத்திரையும் ஜிங்க்கும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்று காலையில், மற்றது ராத்திரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்தால் அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம். அதைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஜிங்க்.

சளிக்கு ஜிங்க் சப்பு மாத்திரை ஆரம்பத்திலேயே சப்பினால் ஓரிரு நாள் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, உறுதியான ஆதாரம் இல்லை. மூக்கில் விடும் ஜிங்க் மருந்துகளால் வாசனை தெரியும் சக்தி போய்விட்டதாகப் புகார்கள் வந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் எச்சரித்தது. அந்தப் பக்கமே போகாதீர்கள். கொரோனாவுக்கு ஜிங்க் கொடுத்துப் பார்த்து 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. ஆண்மைக்கு என்று விளம்பரம் செய்து விற்பவையும் அப்படித்தான். துத்தநாகம் குறைவாக உள்ளவருக்கு அது சரியாகும்போது ஹார்மோன் சீராகும். போதிய அளவு உள்ளவர் கூடுதலாக விழுங்கி எதுவும் ஏறாது.

அதிகமாகப் போனால் வரும் கெடுதல் மெதுவாக வரும், அதனால்தான் பயம். நாளைக்கு 50 மி.கி. அளவில் வாரக்கணக்கில் எடுத்தால் குடல் செம்பை உறிஞ்சுவது குறைந்துவிடும். செம்பு குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்கள் குறையும், நாளடைவில் கால் மரத்துப்போய் நடையே தடுமாறும். ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை போட்டும் தேறாமல் இருப்பவர், பல மாதமாக ஜிங்க் சாப்பிட்டு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சத்து மாத்திரைதானே என்று யாரும் அதைச் சொல்வதில்லை, மருத்துவர்களும் சில நேரம் கேட்க மறந்துவிடுகிறார்கள். போகும்போது அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.